கடை அங்கே, வாங்குபவர் இங்கே – வரி எங்கே?

(இளம் அறிவியல் – கணிதம், இரண்டாம் ஆண்டு மாணவன்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இதில் பெருமை உண்டு, தொல்லையும் உண்டு. ரேஷன் அட்டையில் பெயர் திருத்துவது முதல், வங்கியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதம் வரை எல்லாம் என்னிடமே வந்து சேரும். "படிக்கிற பையன், அவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிடுவார்கள். தெரியாது என்று சொன்னாலோ, ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்கு அஞ்சித்தான், கணித மாணவனாகிய நான் விற்பனை வரியைப் படிக்க நேர்ந்தது.

தென்காசியில் என் தந்தையார் சிறிய மின்சாதனக் கடை ஒன்று வைத்திருக்கிறார். இஸ்திரிப் பெட்டி, மேசை விசிறி, டார்ச் விளக்கு, ஒயர் – இவைதாம் சரக்கு. புள்ளியியல் தாளுக்காக நான் செல்போன் வழியே ஒரு கணக்கீட்டுக் கருவி வாங்கினேன். பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏல, போன்ல வாங்குதவனுக்கு வரியே கெடையாதுல்லா? அதான் கம்மி வெலைக்குக் குடுக்கான். நாங்க மட்டும் வரி கட்டிச் சாகணும்" என்றார்.

இது அப்பா ஒருவருடைய எண்ணம் மட்டும் அன்று. கடைத்தெருவில் பலர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். வாங்குகிறவர்களிலும் பலர் இப்படி நினைத்தே மகிழ்கிறார்கள். உண்மை என்ன என்று காண்போம்.

பெட்டிக்குள் இருந்த பில்லை எடுத்துப் பிரித்தேன். நான் கொடுத்த தொகை ரூ.1,062. அதில் பொருளின் விலை ரூ.900. மீதி ரூ.162க்கு எதிரே 'ஐ.ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு' என்று அச்சிட்டிருந்தது. ஆக, நான் வரி கட்டியிருக்கிறேன். கட்டியது எனக்கே தெரியவில்லை என்பதுதான் செய்தி. (இங்கே ஒரு கணக்குக் குறிப்பு. வரி சேர்ந்த விலை தெரிந்து வரியை மட்டும் பிரிக்க வேண்டுமானால், 1,062ஐ 18ஆல் பெருக்கி 100ஆல் வகுக்கக் கூடாது. 118ஆல் வகுக்க வேண்டும். எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் இதில் தவறினார்கள்.)

அப்பாவிடம் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சரி, கட்டியிருக்க. விக்கிறவன் பெங்களூர்ல இருக்கான். இந்தப் பணம் கர்நாடகத்துக்குத்தான போகும்? நம்ம ரோட்டுக்கா வரும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. உச்ச நீதிமன்றமே இரண்டாண்டு இடைவெளியில் இரண்டு விதமாகப் பதில் சொன்ன கேள்வி அது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இந்தியாவில் பொது விற்பனை வரிக்குப் பிறப்பிடம் நம் சென்னை மாகாணம்தான். இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவை 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராயத்தால் கிடைத்த வருவாய் குறைந்தது. அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது. எனவே 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் மற்ற மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வழியைப் பின்பற்றின. கடைக்காரரும் வாங்குபவரும் ஓரூரில் இருக்கும் வரை சிக்கல் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் இருந்தால்?

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. தென்காசியோ சென்னை மாநிலத்தில் இருந்தது. இடையே சுமார் எட்டுக் கிலோமீட்டர். தென்காசிக் கடைக்காரர் ஒருவர் மாட்டுவண்டியில் ஒரு மூட்டையை ஏற்றிச் செங்கோட்டைக்கு அனுப்பினால் அதுவே மாநிலம் விட்டு மாநிலம் போகும் வாணிகம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 286ஆம் பிரிவு, நுகர்வுக்காகப் பொருள் எந்த மாநிலத்தில் ஒப்படைக்கப்படுகிறதோ அங்கேயே விற்பனை நடந்ததாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு விளக்கம் தந்தது. அதே பிரிவு, மாநிலங்களுக்கு இடையிலான வாணிகத்தின்மீது நாடாளுமன்றம் அனுமதித்தாலன்றி மாநிலங்கள் வரி விதிக்கக் கூடாது என்றும் சொன்னது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

பதஞ்சலி சாஸ்திரி தலைமை நீதிபதியாக இருந்தபோது, 1953இல், யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொருள் போய்ச் சேரும் மாநிலம் வரி விதிக்கலாம் என்றது. உடனே மாநிலங்கள் வெளியூர் வணிகர்களுக்கெல்லாம் அறிவிப்பு அனுப்பத் தொடங்கின. அப்படி அறிவிப்புப் பெற்ற ஒன்றுதான் கல்கத்தாவின் பெங்கால் இம்யூனிட்டி நிறுவனம். சீரம், தடுப்பூசி மருந்துகளைச் செய்து, பீகாரிலிருந்து வந்த ஆணைகளுக்கு ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் விமானத்திலும் அனுப்பி வந்தது. பீகாரில் அதற்கு அலுவலகம் இல்லை, கிடங்கு இல்லை, முகவரும் இல்லை. ஆயினும் பதிவு செய்துகொண்டு வரி கட்டுமாறு பீகார் அரசு கேட்டது. கடைக்குப் போகாமல் ஆணை அனுப்புவதும், வேற்று மாநிலத்திலிருந்து பெட்டி வந்து சேருவதும் இன்று நாம் செய்வதேயன்றோ! செல்போன் ஒன்றுதான் இல்லை. 1955 செப்டம்பரில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், முந்தைய தீர்ப்பை மாற்றியது. பீகார் வரி கேட்க முடியாது என்றாயிற்று.

இதன் பிறகு 1956இல் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தமும் மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தன. மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையில் வரியைச் சரக்கு புறப்படும் மாநிலமே வசூலித்து வைத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. 1957 ஜூலையில் ஒரு விழுக்காடாகத் தொடங்கிய இவ்வரி, 1975இல் நான்கு விழுக்காட்டுக்கு ஏறி, 2008இல் இரண்டுக்கு இறங்கியது. இது பதிவு பெற்ற வணிகர்கள் 'சி' படிவம் கொடுத்து வாங்கும்போது. நம்மைப் போன்ற சாதாரண நுகர்வோர் வாங்கினால் விகிதம் அதைவிடக் கூடுதல். ஆகவே 2017 ஜூலைக்கு முன்னர் அப்பா இக்கேள்வியைக் கேட்டிருந்தால் விடை, "ஆம், பணம் கர்நாடகத்துக்குத்தான்" என்பதே.

இதனால் மனம் புழுங்கிய மாநிலங்கள் பல. நம் அண்டை மாநிலமான கேரளம் அவற்றுள் ஒன்று. தன் மக்கள் வலைவழி வாங்கிய பொருள்களுக்காக, அங்குள்ள வணிகவரித் துறை பிளிப்கார்ட் முதலிய நிறுவனங்கள்மீது தண்டம் விதித்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றம் சென்றது. இவை மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைகள், இவற்றின்மீது கேரளம் கை வைக்க இயலாது என்று 2015இல் தண்டத்தை நீதிமன்றம் நீக்கியது. அறுபது ஆண்டுக்கு முன் பீகாருக்குக் கிடைத்த அதே விடை!

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1992இல், அஞ்சல் வழியே அலுவலகப் பொருள்கள் விற்ற குவில் நிறுவனத்தின் வழக்கில், ஒரு மாநிலத்துக்குள் கடையோ ஆளோ இல்லாத விற்பனையாளரை வரி வசூலித்துத் தரும்படி அம்மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பானது. அப்படியானால் வரி இல்லையா? உண்டு, வாங்கியவரே கணக்கெழுதித் தாமாகக் கட்ட வேண்டும். எத்தனை பேர் கட்டியிருப்பார்கள் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 2018 ஜூனில் தெற்கு டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் என்ற மரச்சாமான் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில்தான், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தப் பழைய தீர்ப்பு கைவிடப்பட்டது. ஆக, 'போனில் வாங்கினால் வரியில்லை' என்ற பேச்சுக்கு அமெரிக்காவில் ஓரளவு அடிப்படை இருந்தது. இந்தியாவில் விற்பவர் வரி வசூலிக்கவே செய்தார். அது எந்த மாநிலத்துக்குப் போய்ச் சேரும் என்பதே இங்குச் சண்டை.

அந்தச் சண்டையை முடித்துவைத்தது 2017 ஜூலை முதல் நாள் வந்த சரக்கு மற்றும் சேவை வரி. 2016இல் செய்த 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதற்கு அடித்தளம். இதன்படி வரி, சரக்கு புறப்படும் இடத்துக்கன்று, போய்ச் சேரும் இடத்துக்கு உரியது. மாநிலத்துக்குள் விற்றால் பில்லில் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி என இரண்டு வரிகள் இருக்கும். எல்லை தாண்டி விற்றால் ஒருங்கிணைந்த வரி என்று ஒரே வரி. அதை மத்திய அரசு வசூலித்து, தன் பங்கை வைத்துக்கொண்டு, மற்றப் பங்கை வாங்குபவரின் மாநிலத்துக்குக் கொடுக்கும். என் கணக்கீட்டுக் கருவிக்கு நான் கட்டிய ரூ.162இல் ரூ.81 தமிழ்நாட்டுக்கு. பெங்களூர்க்காரருக்குப் பதில் திருநெல்வேலிக்காரரிடம் வாங்கியிருந்தாலும் அதே ரூ.81தான்.

என் நண்பன் ஒருவன் ஆரியங்காவைச் சேர்ந்தவன். தென்காசியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, பொருளை மட்டும் தென்காசிக்கு வரவழைத்தால் வரி எந்த மாநிலத்துக்கு என்று கேட்டான். மத்திய அரசு 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கும் விடை சொல்கிறது: பொருளை ஒப்படைக்கும் முகவரியையே பில்லில் வாங்குபவரின் முகவரியாகக் குறிக்க வேண்டும். எனவே அவன் சட்டைக்கான வரிப் பங்கு நமக்கு. விடுமுறையில் ஊருக்கு வரவழைத்தால் கேரளத்துக்கு.

இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு மகிழ்ந்து வரவேற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம்முடையது உற்பத்தி மாநிலம். இங்கே செய்து வெளியே அனுப்பும் பொருள்களால் கிடைத்த வருவாய் போய்விடுமே என்ற கவலை நியாயமானது. 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் இத்திருத்தம் வந்தபோது அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். இழப்பீடு ஐந்தாண்டுகளுக்கு என்று வகுக்கப்பட்டு, 2022 ஜூனோடு முடிந்தது. நுகர்வோனாக எனக்கு ரூ.81 வந்த மகிழ்ச்சி. ஆலைகளின் மாநிலத்தவனாகப் பார்த்தால் அவ்வளவு மகிழ முடியவில்லை.

எல்லையில் நேர்ந்த மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது. செங்கோட்டையைக் கடந்து மலையேறும் வழியில் புளியரை. வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற கதைகளை, சுமை தூக்கிய என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓட்டுநர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்குவார்களாம். புதிய வரியோடு அச்சாவடிகள் எடுக்கப்பட்டன.

அப்பாவின் கதைக்கு வருவோம். வரி இல்லாததால் போனில் மலிவு என்பது தவறு என்றாகிவிட்டது. அப்படியானால் அவருடைய வியாபாரம் குறைவது ஏன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து ஓர் இஸ்திரிப் பெட்டியின் கணக்கைப் போட்டோம். அப்பா மொத்தக் கடையில் வாங்கிய விலை ரூ.800, வரி ரூ.144, ஆக ரூ.944. அவருடைய ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்கு மிகக் குறைவு. ஆதலால் அவர் பதிவு செய்யவில்லை. சட்டப்படி செய்யவும் வேண்டாம். ஆனால் பதிவு இல்லாதவர் தம் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவும் முடியாது. தாம் கொள்முதலில் கொடுத்த வரியைத் திரும்ப வரவு வைக்கவும் முடியாது. அந்த ரூ.144 அவருடைய அடக்கவிலையோடு ஒட்டிக்கொள்கிறது.

அதே பெட்டி செல்போனில் ரூ.999. இதில் வரி ரூ.152.39, விற்பவர் கையில் நிற்பது ரூ.846.61. அவரும் ரூ.800க்கே வாங்கியிருந்தால், தாம் கொடுத்த வரி வரவாகக் கழிந்துவிடுவதால், இலாபம் ரூ.46.61. அப்பா அதே ரூ.999க்கு விற்றால்? 944 போக ரூ.55! வரியைப் பொறுத்த மட்டில் அப்பாவுக்கே சற்று ஆதாயம். அரசுக்குக் கிடைப்பதும் அப்பாவின் விற்பனையில் ரூ.144, வலைவழி விற்பனையில் ரூ.152.39. போதாக்குறைக்கு, அங்கே விற்பவரின் தொகையிலிருந்து நிறுவனமே ஒரு பங்கைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறது. 2018 அக்டோபரில் ஒரு விழுக்காடாகத் தொடங்கி, 2024 ஜூலையில் அரை விழுக்காடாகக் குறைந்த பிடித்தம் அது. விற்றதை மறைக்க வழியில்லை.

இந்தக் கணக்கைக் காட்டியபோது அப்பா மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பென்சிலை வாங்கி, 800 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "அவன் எண்ணூறுக்கா வாங்குதான்? ஆயிரம் பெட்டி எடுக்கவனுக்கு அறுநூறுக்குக் கெடைக்கும்" என்றார். என் சமன்பாட்டில் மாறிலி என்று நான் கொண்டதுதான் மாறி. இருபது ஆண்டு கடை நடத்தியவருக்கு அது ஒரு நொடியில் தெரிந்தது.

இனிக் குற்றாலம். அங்கே என் அத்தை சாரல் காலத்தில் கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகு விற்கிறார். வாங்குவோரில் கேரளத்தார் மிகுதி. சென்ற சாரலில் புனலூர்க் குடும்பம் ஒன்று கிராம்பு வாங்கிப் போயிற்று. பிறகு போனில் அழைத்து, பணத்தை அனுப்பி, இன்னும் அரைக் கிலோ அனுப்பச் சொன்னது. சென்னையிலிருந்தும் இப்படி இரண்டு பேர். அத்தைக்கு ஒரே உற்சாகம். சாரல் மூன்று மாதம். மற்ற ஒன்பது மாதமும் வீட்டிலிருந்தே விற்கலாமே! ஆனால் பக்கத்துக் கடைக்காரர், நம்பர் இல்லாமல் கேரளாவுக்கு அனுப்பினால் வம்பு என்று சொல்லிவிட்டார். "நெசமா மருமவனே?" என்று என்னிடம் கேட்டார் அத்தை.

படித்துப் பார்த்தேன். விளங்காத இடத்தில் நம் கல்லூரி வணிகவியல் பேராசிரியர் ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்தேன். பக்கத்துக் கடைக்காரர் சொன்னது உண்மைதான். 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற சலுகை, மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பவருக்குத்தான். எல்லைக்கு அப்பால் ஒரு பொட்டலம் அனுப்பினாலும், அதன் விலை நூறு ரூபாயே ஆனாலும், பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்கள் செய்வோருக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. கிராம்பு கைவினைப் பொருள் அன்று!

ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைக்கு அத்தை எத்தனை பொட்டலம் வேண்டுமானாலும் தடையின்றி அனுப்பலாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புனலூருக்கு அனுப்ப முடியாது. அதே புனலூர்க்காரர் குற்றாலத்துக்கு வந்து, அருவியில் குளித்துவிட்டு, அதே கிராம்பைக் கையில் வாங்கிப் போனால் குற்றமில்லை. அது உள்மாநில விற்பனை. பெரிய வலைவழி நிறுவனங்கள் மூலம் விற்பதாயினும் இதுவே நிலைமை. 2023 அக்டோபருக்கு முன் அங்கே பொருள் விற்கும் எவரும், எவ்வளவு சிறியவராயினும், பதிவு செய்தாக வேண்டும். அதன் பின் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்களுக்கு அக்கட்டாயம் தளர்ந்தது. எல்லை தாண்டுவோருக்குத் தளரவில்லை.

வாங்குபவனின் மாநிலத்துக்கு வரி போக வேண்டுமானால், எல்லை தாண்டும் ஒவ்வொரு விற்பனையும் கணக்கில் ஏற வேண்டும். அதற்கு விற்பவர் எல்லாரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். எனக்கு ரூ.81 கிடைக்கச் செய்த அதே ஏற்பாடுதான் அத்தையின் கிராம்பை நிறுத்துகிறது. காரணம் விளங்குகிறது. ஆயினும் பெங்களூர் நிறுவனத்துக்கும், தார்ப்பாய்க்கடியில் தட்டு வைத்து விற்கும் அத்தைக்கும் ஒரே அளவுகோல் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உள்ளூரில் 40 லட்சத்தைப் பொறுத்துக்கொள்ளும் சட்டம், எல்லைக்கு அப்பால் ஆண்டுக்கு ஓர் ஐந்து லட்சத்தையாவது பொறுத்துக்கொள்ளக் கூடாதா? அரை கிலோ கிராம்புக்கு வரி ஐந்து விழுக்காடு. அதை வசூலிக்க ஆகும் எழுத்து வேலை அந்த வரியைவிடப் பெரிது.

பதிவுக்குக் கட்டணம் இல்லை, நானே விண்ணப்பம் செய்து தருகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். பிறகு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். கணக்குத் தாக்கல் செய்யவேண்டும் என்றேன். "ஒண்ணும் விக்காத மாசத்துக்குமா?" அதற்கும்தான், ஒன்றும் விற்கவில்லை என்பதையே தாக்கல் செய்யவேண்டும், தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் என்றேன். அத்தை, கையிலிருந்த ஜாதிபத்திரியைச் சுளகில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ படிப்ப முடிச்சு வேலைக்குப் போயிட்டேன்னா யாரு அத எழுதித் தருவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சென்னைக்கு மட்டும் அனுப்புவது என்று முடிவாயிற்று. இரண்டு பொட்டலம் கட்டி, முகவரியை என்னிடம் எழுதச் சொன்னார். புனலூர்க்காரர்களிடமிருந்து மீண்டும் அழைப்பு வந்தபோது போனை என்னிடமே நீட்டினார்.

"சாரலுக்கு வந்து வாங்கிக்கிடச் சொல்லு மருமவனே."